காத்திருப்போர் பட்டியல் என்பது மறுப்பு அன்று

(நமது ஜமாஅத்தின் கல்விக் குழு சார்பில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவ மாணவியருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் நடத்தப்பெற்ற வழிகாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்தபின், நமது பள்ளிவாசல் முன்றிலில் இரண்டு வகையான பெற்றோரைக் காண்கிறோம். பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த மகிழ்ச்சியோடு வருவோர் ஒரு வகை. இடம் மறுக்கப்பட்ட வருத்தத்தோடு வருவோர் மற்றொரு வகை. இவ்விரு சாராருக்கும் நடுவே, ஓசையின்றி ஓரமாக நிற்கும் மூன்றாவது சாராரும் உண்டு. அவர்களுடைய பிள்ளைக்கு 'உண்டு' என்றும் சொல்லப்படவில்லை. 'இல்லை' என்றும் சொல்லப்படவில்லை. 'காத்திருப்போர் பட்டியலில் பெயர் உள்ளது', 'அடுத்த சுற்றில் பார்க்கலாம்' என்று மட்டுமே சொல்லப்பட்டுள்ளது. இன்று நாங்கள் பேசவிருப்பது இம்மூன்றாம் சாராரைப் பற்றியே ஆகும்.

இதனைப் பேச எங்களுக்கு ஒரு கடமையும் உண்டு. அந்தக் கடமை எங்கள் தவறிலிருந்து பிறந்தது. அதனை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பணியாற்றும் சகோதரர் ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் எங்களிடம் வந்தார். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் இளம் அறிவியல் வேதியியல் பாடத்திற்கு அவருடைய மகன் விண்ணப்பித்திருந்தான். காத்திருப்போர் பட்டியலில் பதினோராவது பெயர் அவனுடையது. "இனி என்ன செய்வது?" என்று அவர் கேட்டார். "கவலைப்படாதீர்கள், இடம் இருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள். நமக்குத் தெரிந்த பெரிய மனிதர் ஒருவரிடமும் சொல்லி வைக்கிறோம்" என்று நாங்கள் பதிலளித்தோம். அவரும் நிம்மதியோடு இரவுப் பணிக்குச் சென்றார்.

கல்லூரியிலிருந்து அழைத்திருக்கிறார்கள். ஆனால் விண்ணப்பத்தில் எழுதியிருந்த கைப்பேசி எண் பணம் செலுத்தாமல் முடங்கிக் கிடந்தது. இரு முறை முயன்றுவிட்டு, பட்டியலில் அடுத்திருந்தவரை அழைத்து இடத்தை வழங்கிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து அந்தப் பையன் நேரில் சென்று விசாரித்தபோதுதான் இது தெரிய வந்தது. அவன் அந்த ஓர் ஆண்டைக் கைப்பேசிக் கடையில் கழித்தான். மறு ஆண்டு வேறொரு கல்லூரியில் சேர்ந்தான், அல்ஹம்துலில்லாஹ். எனினும், இழந்த ஆண்டு இழந்ததுதான். அவனுக்கு எவரும் இடத்தை மறுக்கவில்லை. "இன்னும் எங்களுக்கு அந்த இடம் வேண்டும்" என்று உரிய இடத்தில் உரிய நேரத்தில் சொல்லாமல் விட்டது நாங்கள்தாம்.

பட்டியல் ஏன் நகர்கிறது?

காத்திருப்போர் பட்டியல் என்பது மரியாதைக்காகச் சொல்லப்படும் மறுப்பு என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஒரு மாணவர் நான்கைந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார். மதிப்பெண் மிகுந்தவராயின் நான்கைந்திலும் அவர் பெயர் முதலில் வரும். முடிவில் அவர் சேரப்போவது ஒரே கல்லூரியில்தான். ஏனைய இடங்கள் காலியாகும். கலை அறிவியல் கல்லூரியில் சேர்ந்துவிட்ட மாணவர்களிலும் பலர், பொறியியல் கலந்தாய்வும் மருத்துவக் கலந்தாய்வும் நடைபெறும் மாதங்களில் அங்கிருந்து விலகிச் செல்கின்றனர். ஆகவே மே, ஜூன் மாதங்களில் நிறைந்துவிட்டதாகத் தோன்றும் வகுப்பில், ஜூலையிலும் ஆகஸ்டிலும் நாற்காலிகள் காலியாவது இயல்பு. அந்நாற்காலிகளுக்கு உரியவர்களே காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்கள்.

அயல்நாடுகளிலும் இதே நிலைதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நவம்பர் மாதத்திலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கும் முறை உண்டு. டிசம்பர் நடுவில் அதற்கு விடை வரும். சிலருக்குச் சேர்க்கை; சிலருக்கு மறுப்பு; வேறு சிலருக்கோ, "உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளி வைத்துள்ளோம்; பொதுச் சுற்றில் மற்றவர்களோடு சேர்த்து மீண்டும் பரிசீலிப்போம்" என்ற பதில். இறுதி முடிவு மார்ச் மாதக் கடைசி வாக்கில் தெரிய வரும். இடைப்பட்ட மாதங்களில் அம்மாணவர், தமக்கு இன்னும் விருப்பம் உள்ளதைத் தெரிவித்து ஒரு கடிதம் எழுதுவது அங்கே வழக்கமாகிவிட்டது. பள்ளியிலிருந்து இடையாண்டு மதிப்பெண்களும் அனுப்பப்படுகின்றன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இதற்கெனப் பிப்ரவரி மாதத்தில் தனிப் படிவமே வைத்துள்ளது. வளைகுடாவிலிருந்தும் இங்கிருந்தும் மேற்படிப்புக்குக் கடல் கடக்கும் நம் பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் நலம்.

ஒற்றைச் சாளரத்தில் விருப்பத்தைத் தெரிவிக்கும் முறை

நம் மாநிலத்தில் பொறியியல் சேர்க்கை ஒற்றைச் சாளர முறையில் நடைபெறுகிறது. 2018-ஆம் ஆண்டு முதல் கலந்தாய்வு இணையவழியில் நடத்தப்படுகிறது. இங்கே கடிதத்திற்கு வேலையில்லை. எவரைச் சந்தித்தும் பயனில்லை. தரவரிசையும், மாணவர் பதிவு செய்யும் விருப்பமும் மட்டுமே பேசும். ஆதலின் விருப்பத்தைத் தெரிவிப்பது என்பதன் பொருள், உரிய நாளுக்குள் உரிய பொத்தானை அழுத்துவது என்பதே.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் மாணவர் முன் சில வாய்ப்புகள் வைக்கப்படுகின்றன. ஒதுக்கிய இடத்தை ஏற்றுச் சேர்ந்துவிடலாம். ஒதுக்கிய இடத்தை ஏற்றுக்கொண்டு, அதற்கு மேலாகத் தாம் குறித்திருந்த கல்லூரிகளில் இடம் காலியானால் மேலே செல்லக் காத்திருக்கலாம். ஒதுக்கிய இடத்தை மறுத்துவிட்டு, மேலான விருப்பத்திற்கு மட்டும் காத்திருக்கலாம். மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குச் செல்லலாம். முற்றிலும் விலகியும் கொள்ளலாம். ஏதும் ஒதுக்கப்படாதவர்களும், தொடர்ந்து காத்திருக்கிறோம் என்பதைப் பதிவு செய்தாக வேண்டும். எதையும் பதிவு செய்யாமல் மௌனமாக இருப்பவரைக் கணினி 'விருப்பமில்லாதவர்' என்றே எடுத்துக்கொள்ளும்.

இவற்றுள் இரண்டாவது வாய்ப்பே நம் பிள்ளைகளில் பெரும்பாலோர்க்குப் பாதுகாப்பானது. கையில் ஓர் இடமும் இருக்கும். மேலே செல்லும் வழியும் திறந்திருக்கும். ஆயினும் மூன்று செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, நீங்கள் பெற்ற இடத்திற்கு மேலே குறித்துள்ள விருப்பங்கள் மட்டுமே பரிசீலிக்கப்படும். எனவே உண்மையாகவே செல்ல விரும்பாத கல்லூரியை மேலே குறிக்கக் கூடாது. இரண்டாவது, மேலே இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் மற்றொருவருக்குப் போய்விடும், திரும்ப இயலாது. மூன்றாவது, பொத்தானை அழுத்தியதோடு கடமை முடிவதில்லை. குறித்த நாள்களுக்குள் உதவி மையத்திற்குச் சென்று கட்டணம் செலுத்தியாக வேண்டும். தவறினால் இடம் இரத்தாகிவிடும்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. நிறுவனங்களுக்கான கூட்டுக் கலந்தாய்விலும் இதனையொத்த ஏற்பாடு உண்டு. இடத்தை உறுதி செய்துகொள்வது, வேறு நிறுவனத்திற்கும் மேலே செல்ல ஒப்புவது, அதே நிறுவனத்துக்குள் மட்டும் வேறு பாடத்திற்கு மாற ஒப்புவது என மூன்று வழிகள். அவற்றை ஃபிரீஸ், ஃப்ளோட், ஸ்லைடு என்று வழங்குகின்றனர். சான்றிதழ் குறித்து அவர்கள் கேள்வி எழுப்பினால் கெடுவுக்குள் விடையளிக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது.

நமது ஜமாஅத்தைச் சேர்ந்த மாணவி ஒருவரின் வீட்டில் நிகழ்ந்ததைக் கூறுகிறோம். அவருக்கு முதலில் ஒதுக்கப்பட்டது, பட்டியலில் அவர் ஏழாவதாகக் குறித்திருந்த கல்லூரி. தந்தைக்குத் தயக்கம். "கிடைத்ததை ஏற்றுச் சேர்ந்துவிடுவோம் அம்மா. மேலே ஆசைப்பட்டு உள்ளதும் போய்விட்டால் என்ன செய்வது?" என்றார். மகளோ, "அத்தா, இந்த இடம் நம் கையில்தான் இருக்கும். மேலே கிடைத்தால் மட்டுமே இது போகும். மேலே உள்ள ஆறும் நாம் இருவரும் சேர்ந்து எழுதியவைதானே!" என்றாள். தந்தைக்கு மனம் தெளியவில்லை. இருவரும் எங்களிடம் வந்தனர். அறிவுரைக் கையேட்டில் உள்ள விதிகளை வரிவரியாகப் படித்துக் காட்டினோம். அன்றிரவே மகள் பதிவு செய்தாள். மறுநாள் உதவி மையத்தில் கட்டணமும் செலுத்தப்பட்டது. அடுத்த ஒதுக்கீட்டில் அவள் மூன்றாவதாகக் குறித்திருந்த கல்லூரி கிடைத்தது. அதற்கு எவருடைய சிபாரிசும் தேவைப்படவில்லை. விதியைப் படித்ததும், நாள் தவறாததுமே அவளுக்குத் துணை நின்றன.

சாதிச் சான்றிதழ் சொல்லும் வரிசை

இவ்விடத்தில் ஒரு முக்கியச் செய்தி. தமிழகத்தில் 2007-ஆம் ஆண்டு, பிற்படுத்தப்பட்டோர்க்கான 30 விழுக்காட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு அளிக்கப்பட்டது. எனவே தரவரிசையும் காத்திருப்பும் பிரிவு வாரியாகவே நகர்கின்றன. லெப்பை, தக்னி, மாப்பிள்ளை, துதேகுலா, அன்சார், ஷேக், சையது என்று பட்டியலில் உள்ள பிரிவினரின் சான்றிதழில் 'பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் (முஸ்லிம்)' என்று தெளிவாக இருக்க வேண்டும். இராவுத்தரும் மரக்காயரும் லெப்பை என்பதனுள் அடங்குவர். விண்ணப்பத்தில் இதனைத் தவறாகக் குறித்தால், பிள்ளை தனக்குரியதல்லாத வரிசையில் நின்று காத்திருக்க நேரும். வருமானச் சான்றிதழ், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கும் இ-சேவை மையத்தில் முன்னரே விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். இடம் வந்த பின் சான்றிதழுக்கு அலைவதற்கு நாள் போதாது.

கல்லூரிக்கே தெரிவிக்க வேண்டிய இடத்தில்

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இணையவழியில் விண்ணப்பித்தாலும், கலந்தாய்வு அந்தந்தக் கல்லூரியிலேயே நடைபெறுகிறது. கடலூர் பெரியார் கலைக் கல்லூரியாயினும், விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கலைக் கல்லூரியாயினும், தரவரிசைப்படி அழைக்கப்படும் நாளில் மாணவர் நேரில் நிற்க வேண்டும். முதற்கட்டத்தில் இடம் கிடைக்கவில்லையெனில், அடுத்த கட்டத்தின் நாளைக் கேட்டறிந்து மீண்டும் செல்ல வேண்டும். ஒரு நாள் சென்று வெறுங்கையோடு திரும்பியதால் மறுமுறை செல்லாமல் இருந்துவிடுவதே நாம் செய்யும் பெரும்பிழை.

அரசு உதவி பெறும் கல்லூரிகளும் தனியார் கல்லூரிகளும் தாமே பட்டியல் வெளியிடுகின்றன. அங்கே ஒரு கடிதம் பயன் தரும். அது அரைப் பக்கத்திற்கு மேற்படக் கூடாது. மாணவரே எழுத வேண்டும். தந்தை எழுதிக் கொடுப்பது கூடாது. அதன் அமைப்பை எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் கல்லூரியில் இளம் அறிவியல் வேதியியல் பாடத்திற்கு விண்ணப்பித்துள்ளேன். விண்ணப்ப எண் இது. காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் இடம்பெற்றுள்ளமைக்கு நன்றி. அப்பாடத்தில் சேரும் விருப்பம் எனக்கு இன்னும் மாறாமல் உள்ளது. விண்ணப்பித்த பின், மறுமதிப்பீட்டில் எனது வேதியியல் மதிப்பெண் உயர்ந்துள்ளது. அதன் நகலை இணைத்துள்ளேன். இடம் காலியாகுமாயின், தகவல் கிடைத்த மறுநாளே மூலச் சான்றிதழ்களுடன் வந்து சேர அணியமாக உள்ளேன். என்னையும் என் தந்தையையும் தொடர்பு கொள்ள வேண்டிய இரண்டு எண்கள் கீழே உள்ளன. பணிவுடன்."

இக்கடிதத்தில் நான்கே செய்திகள் உள்ளன. நன்றி, மாறாத விருப்பம், விண்ணப்பத்திற்குப் பின் நிகழ்ந்த புதிய செய்தி, அழைத்தால் உடனே வருவோம் என்ற உறுதி. புதிய செய்தி ஏதும் இல்லையெனில் அதனைக் கற்பிக்க வேண்டாம். ஏனைய மூன்றும் போதும். கடிதத்தை அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்கு நகலில் முத்திரை வாங்குங்கள். பின்னர் அடுத்த பட்டியல் எந்நாள் வரும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்நாளில் மீண்டும் செல்லுங்கள். அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்திற்கு எழுதும் கடிதமும் ஏறத்தாழ இவ்வாறே அமையும். ஆனால் முதலில் அவர்களுடைய அறிவிப்பைப் படிக்க வேண்டும். மேற்கொண்டு எதுவும் அனுப்ப வேண்டாம் என்று அவர்கள் எழுதியிருந்தால் அனுப்பாமல் இருப்பதே முறை.

செய்யத் தகாதவை

விருப்பம் காட்டுவது வேறு, நச்சரிப்பது வேறு. நாள்தோறும் தொலைபேசியில் அழைப்பதும், அலுவலக ஊழியரிடம் குரல் உயர்த்துவதும், ஒருவர் மாற்றி ஒருவராக உறவினர் சென்று நிற்பதும் பிள்ளையின் பெயருக்கு நன்மை சேர்ப்பதில்லை.

"பெரிய மனிதரிடம் சொல்லி வைப்போம்" என்ற பேச்சையும் இனி விட்டுவிடுவோம். அப்பேச்சுதான் அன்று எங்களையும் அந்தச் சகோதரரையும் உறங்க வைத்தது. இடம் வாங்கித் தருவதாகக் கூறிப் பணம் கேட்கும் இடைத்தரகர்களோ இதைவிடக் கேடானவர்கள். அவர்களிடம் கொடுத்த பணத்திற்குச் சீட்டும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

பொய்யும் கூடாது. "தங்கள் கல்லூரியே எனது முதல் விருப்பம்" என்று மூன்று கல்லூரிகளுக்கு எழுதுவது பொய். ஓர் இடத்திற்கு மட்டுமே அதனை எழுதலாம். அதுவும் உண்மையாயின் மட்டுமே. கல்வியின் வாசலில் முதல் அடியையே பொய்யாக எடுத்து வைக்கும்படி நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கலாமா?

காத்திருக்கும் காலத்தில் கையிலிருப்பதை விடலாகாது

காத்திருப்போர் பட்டியலை நம்பி வேறெங்கும் சேராமல் இருப்பதும் அறிவுடைமை ஆகாது. நம் ஊர் ஜவஹர் அறிவியல் கல்லூரியிலோ அருகிலுள்ள வேறு கல்லூரியிலோ கிடைத்த இடத்தில் சேர்ந்து, முதல் நாளிலிருந்தே பாடம் படிக்கட்டும். விரும்பிய இடம் பின்னர் கிடைத்தால் மாறிக்கொள்ளலாம். குறித்த நாளுக்குள் விலகும் மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவும், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் விதிகள் வகுத்துள்ளன. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அறிவுறுத்தியுள்ளன. சேரும் முன் அவ்வாண்டுக்கான கெடு நாளைக் கேட்டறிந்து கொள்ளுங்கள். விரும்பிய இடம் கிடைக்காமலே போயினும் பிள்ளையின் ஆண்டு வீணாகாது.

நெய்வேலியில் வாழும் நமக்கு இதனை விளக்க வெளியூர் உவமை எதற்கு? இங்கே 1957-ஆம் ஆண்டு மே மாதம் சுரங்கப் பணி தொடங்கியது. பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டதோ 1961-ஆம் ஆண்டு ஆகஸ்டில். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளிலும் கிடைத்தவை மண்ணும் மணற்பாறையும் மட்டுமே. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாது இறைத்தாக வேண்டும். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கமே நீரில் மூழ்கும். இன்றும் அந்தப் பம்புகள் இரவு பகலாக ஓடுவதை இங்குள்ள சுரங்கப் பணியாளர்கள் நன்கறிவர். காத்திருப்பது என்பது கைகட்டி நிற்பதன்று. பம்பை ஓட விட்டுக்கொண்டே தோண்டுவது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஸப்ரு என்பதும் செயலோடு கூடிய பொறுமையே அன்றிச் சோம்பலுக்கு இட்ட மறுபெயர் அன்று.

கல்விக் குழுவின் ஏற்பாடு

பழைய தவறு மீண்டும் நேராதிருக்க, பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைத்துள்ளோம். காத்திருப்போர் பட்டியலிலோ அடுத்த சுற்றிலோ உள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயர், விண்ணப்ப எண், அடுத்த முக்கிய நாள், தொடர்புக்கு இரண்டு எண்கள் ஆகியவை அதில் எழுதப்படும். மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் வரை, ஒவ்வொரு நாளும் மஃரிபுக்குப் பின் குழுவினர் இருவர் அதனைப் பார்த்து, மறுநாள் கெடு உள்ள வீடுகளுக்குத் தொலைபேசியில் நினைவூட்டுவர். இணைய வசதி இல்லாதோர் அலுவலகக் கணினியைப் பயன்படுத்திக் கொள்ளலாம். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேற்றுமை இப்பதிவேட்டில் இல்லை. தந்தை பணியில் இருந்தால் தாய்மார்கள் தயங்காமல் வந்து பெயரை எழுதச் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு இறுதியாக ஒன்று. விண்ணப்பத்தில் எழுதிய கைப்பேசி எண்ணை அணையாமல் வைத்திருங்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுத்துப் பேசுங்கள். ஒரு கல்லூரி 'இப்போது இடமில்லை' என்று சொன்னால், அது உங்கள் தகுதியின் மீது எழுதப்பட்ட தீர்ப்பு அன்று. மீண்டும் சென்று பணிவோடு கேட்பதில் இழுக்கு ஏதும் இல்லை. அவ்வாறு கேட்டும் கிடைக்காமற்போனால், சேர்ந்த இடத்திலேயே சிறந்து விளங்குங்கள். பட்டமேற்படிப்பு என்னும் அடுத்த வாசல் சில ஆண்டுகளில் திறக்கும்.

முன்பு நாங்கள் சொன்ன அந்தப் பையன் இன்று கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயில்கிறான். இந்தப் பதிவேட்டின் பக்கங்களுக்குக் கோடு போட்டுத் தந்தவன் அவனே. அதன் முதல் பக்கத்தில் தொடர்பு எண்ணுக்கென இரண்டு கட்டங்கள் வேண்டும் என்று சொன்னவனும் அவனே.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், காத்திருக்கும் காலத்தில் செயலோடு கூடிய பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.